சும்மா கிடக்கும் பொழுதின் கணக்கு

ஒரு பெரிய கணக்கைப் பல்லாயிரம் சிறு துண்டுகளாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் முன்பின் அறியாத ஒருவரின் வீட்டுக் கணினிக்கு இணையம் வழியே அனுப்பி, அந்தக் கணினி வேறு வேலையின்றிச் சும்மா இருக்கும் நேரத்தில் அதைப் போட்டு முடித்து விடையைத் திருப்பியனுப்பச் செய்யும் முறைக்குத் தன்னார்வக் கணிமை என்று பெயர். இதன் ஆங்கிலப் பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவர் பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்த லூயிஸ் சார்மெண்டா. 2001இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் தலைப்பே அதுதான். தாம் எழுதிய மென்பொருளுக்கு அவர் 'பாயனிஹான்' என்று பெயர் வைத்தார். ஒரு குடும்பம் இடம் மாறும்போது ஊரார் கூடி, மூங்கிலும் ஓலையுமாகக் கட்டிய வீட்டை அப்படியே தோளில் தூக்கிச் சென்று புது இடத்தில் இறக்கிவைக்கும் பிலிப்பைன்ஸ் கிராம வழக்கத்துக்குரிய சொல் அது. புத்தம் புதிய தொழில்நுட்பத்துக்குப் பெயர் தேடியவர் தம் ஊர் வழக்கத்துக்குத் திரும்பினார் என்பது கவனிக்கத்தக்கது; ஏனெனில், அந்தப் பெயர் கணினியைப் பற்றியதன்று, ஆட்களைப் பற்றியது. இதே முறை திண்டுக்கல் சமவெளியில் பிறந்திருந்தால் எந்தச் சொல்லை எடுத்துக்கொண்டிருக்கும் என்று கேட்டுப் பார்ப்பது வெறும் விளையாட்டாக முடியாது. கூட்டு உழைப்பைத் துண்டு போடுவது, அறியாத கைகளிடம் ஒப்படைப்பது, திரும்பி வந்ததைச் சோதிப்பது, கணக்கில் ஏற்றுவது என்ற நான்கும் அந்தச் சமவெளியில் நெடுங்காலமாக நடந்துவந்தவை.

முதலில் நினைவுக்கு வருவது குடிமராமத்து. சிறுமலையிலிருந்தும் பழனி மலைத்தொடரிலிருந்தும் இறங்கும் ஓடைகளைக் குளங்களிலும் கண்மாய்களிலும் தேக்கி வாழும் நாட்டில், கோடையில் வண்டல் அள்ளுவதும், கரை உயர்த்துவதும், வரத்துக்கால் வெட்டுவதும் பாசனம் பெறும் குடிகளின் பொறுப்பாக இருந்தன. அவரவர் நிலத்தின் அளவுக்கேற்ப ஆளும் உழைப்பும் தர வேண்டும் என்பது வழக்கம். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த வழக்கம் தளர்ந்தபோது, 1858இல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, வழக்கப்படி வர வேண்டியவர் வராவிட்டால் அவரிடம் பணமாக வசூலிக்க வழி செய்யப்பட்டது. மனமுவந்து செய்ததாகச் சொல்லப்படும் எத்தனையோ ஊர் வேலைகளுக்குப் பின்னால் இப்படியொரு தண்டத்தின் நிழல் இருந்திருக்கிறது என்பதை இச்சட்டம் காட்டிக்கொடுக்கிறது. பிலிப்பைன்ஸ் வழக்கத்தையும் அந்நாட்டு அரசியல்வாதிகள் தங்கள் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டதுண்டு. ஆகையால் இது தமிழருக்கு மட்டும் உரிய குறையன்று. எப்படியானாலும், குடிமராமத்தில் தூர் எடுப்பவரின் வயலுக்கே தண்ணீர் பாய்கிறது. தன்னார்வக் கணிமையில் கணக்குப் போடுபவர் ஒரு நாட்டிலும் அதன் பயனைப் பெறுபவர் வேறொரு நாட்டிலும் இருப்பதால், இந்தச் சொல் முழுதும் பொருந்தி வராது.

அடுத்தது பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது குறிப்பிட்ட ஊரின் பொருளுக்கு மட்டுமே அப்பெயரைப் பயன்படுத்தும் சட்ட உரிமை, வழங்கப்பட்டது. அதற்கு வெகு முன்பே அலிகாரிலிருந்து வந்த இயந்திரப் பூட்டுகள் அந்தத் தொழிலை ஒடுக்கிவிட்டிருந்தன. தொழில் செழித்திருந்த காலத்தில் அது ஒரு பெரிய ஆலையின் கூரைக்குக் கீழ் நடக்கவில்லை. நாகல் நகரிலும் நல்லாம்பட்டி போன்ற சுற்றூர்களிலும் வீட்டோடு ஒட்டிய சிறு பட்டறைகளில் தகடு வெட்டுவதும், நெம்புகோல் அராவுவதும், சாவி அறுப்பதும் எண்ணிக்கைக் கூலிக்கு நடந்தன. மாங்காய்ப் பூட்டு என்று வடிவத்தால் பெயர் பெற்ற பூட்டின் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நெம்புகோல்கள் இருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒரு நெம்புகோலைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டு திறக்கும், ஒன்று மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திறக்காது. அந்தப் பொருத்தத்தைக் கொண்டுவருவது அரத்தின் வேலை: கொஞ்சம் அராவி, நுழைத்துத் திருப்பிப் பார்த்து, மறுபடி வெளியே எடுத்து அராவுவதாகப் பொழுது போகும். ஆனால், முடிந்த பூட்டைச் சோதிப்பதற்கு ஒரு நொடி போதும். சாவியைப் போட்டுத் திருப்பினால் திறக்க வேண்டும். பக்கத்துப் பூட்டின் சாவிக்குத் திறக்கக் கூடாது. செய்வதற்கு நெடுநேரமும் சரிபார்ப்பதற்கு ஒரு கணமும் பிடிக்கும் வேலையை யாரிடம் வேண்டுமானாலும் நம்பி ஒப்படைக்கலாம் என்பதைப் பூட்டு வியாபாரிகள் எவரும் சொல்லித் தராமலே அறிந்திருந்தனர்.

தன்னார்வக் கணிமையின் முதல் பெருவெற்றியும் ஒரு பூட்டைத் திறந்ததுதான். இரண்டு பகா எண்களை, அதாவது தம்மாலும் ஒன்றாலும் மட்டுமே வகுபடும் எண்களை, பெருக்குவது எளிது. பெருக்குத்தொகையை மட்டும் கையில் கொடுத்து அந்த இரண்டையும் கண்டுபிடிக்கச் சொன்னால் மிகக் கடினம். இந்தக் கடினத்தையே பூட்டாக வைத்து இரகசியச் செய்தி அனுப்பும் முறையை 1977இல் மூன்று அறிஞர்கள் வகுத்தபோது, 129 இலக்கம் கொண்ட ஓர் எண்ணைச் சவாலாக வெளியிட்டு, உடைப்பவருக்கு 100 டாலர் பரிசும் அறிவித்தனர். அதை உடைக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று அப்போது கருதப்பட்டது. 1994 ஏப்ரலில், இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 600 தன்னார்வலர்கள் 1,600 கணினிகளின் ஓய்வு நேரத்தைக் கொடுத்து, எட்டு மாத உழைப்பில் அந்த எண்ணை 64 இலக்கமும் 65 இலக்கமும் கொண்ட இரண்டு பகா எண்களாகப் பிரித்தனர். துண்டுகள் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தன. அனுப்பியவர் யார், அவருடைய நோக்கம் என்ன என்று எவரும் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. வந்த விடை சரியா என்பது ஒரு பெருக்கலில் தெரிந்துவிடும். நாகல் நகர்ப் பட்டறைக்காரர் சாவியைத் திருப்பிப் பார்ப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. கூலிதான் வேறு: பூட்டுக்காரர் கூலி பெற்றார், பெயர் பெறவில்லை, எண்ணை உடைத்தவர்கள் கூலி பெறவில்லை.

எல்லாக் கணக்கும் பூட்டைப் போன்றதன்று. தன்னார்வக் கணிமையின் வரலாற்றில் மிகப் பெயர்பெற்ற முயற்சியான செட்டி அட் ஹோம் 1999 மே 17 அன்று பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கியது. புவர்த்தோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கி பதிந்த இரைச்சலுக்குள் வேற்றுக் கோள் அறிவுயிர்கள் அனுப்பிய குறியேதும் இருக்கிறதா என்று தேடுவது அதன் பணி. பதிவான அலைவரிசையை 256 கீற்றுகளாக நெடுக்காகப் பிளந்து, ஒவ்வொரு கீற்றிலும் 107 நொடி நீளத்தைத் தறித்து, ஏறக்குறைய 340 கிலோபைட் அளவுள்ள துண்டாக்கி வீடுகளுக்கு அனுப்பினார்கள். தொலைபேசிக் கம்பியில் கொறகொறத்து இணையத்தோடு சேரும் அக்காலக் கணினிகூட அதைச் சில நிமிடங்களில் இறக்கிக்கொண்டு, திரைக்காப்பு ஓடும் நேரத்தில் மணிக்கணக்காக அலசி முடிக்கும். ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். இங்கேதான் சிக்கல் தொடங்கியது. ஒரு துண்டில் குறி ஏதும் இல்லை என்று விடை வந்தால், அது உண்மையாகவே தேடிப் பார்த்துச் சொன்னதா, தேடாமலே சொன்னதா என்று பார்த்த மாத்திரத்தில் அறிய வழியில்லை. முடித்த துண்டுகளின் எண்ணிக்கையில் முன்னிலை பெறும் ஆசையால் சிலர் நிரலை மாற்றி எழுதிப் பொய் விடைகளை அனுப்பவும் செய்தனர். பணம் இல்லாத இடத்திலும் மனிதர் ஏமாற்றுவார்கள் என்பதை அமைப்பாளர்கள் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தனர்.

இந்தச் சிக்கலுக்குத் திண்டுக்கல் சமவெளி அறிந்த ஒப்புமை பூட்டில் இல்லை, நூலில் இருக்கிறது. 1924 ஜூனில் அகமதாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் குழு, காங்கிரஸ் அமைப்புகளின் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் நாள்தோறும் அரைமணி நேரமாவது இராட்டையில் நூற்று, மாதம் 2,000 கஜம் நூல் அனுப்ப வேண்டும் என்று தீர்மானித்தது. அவ்வாண்டு இறுதியில் பெல்காமில் காந்தியின் தலைமையில் நடந்த மாநாட்டுக்குப் பின் காங்கிரஸ் உறுப்பினர் சந்தாவே நூலாக மாறியது: நாலணாவுக்குப் பதில் மாதம் 2,000 கஜம். ஓராண்டுகூட அது நிற்கவில்லை. 1925 செப்டம்பரில் பாட்னாவில் அகில இந்திய நூற்போர் சங்கம் தனியாகத் தொடங்கப்பட்டு, முதல் வகுப்பு உறுப்பினர் மாதம் 1,000 கஜம் தாமே நூற்ற நூலைச் செலுத்த வேண்டும் என்று வைக்கப்பட்டது. அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரிலிருந்து இயங்கியது.

மலிவான ஒரு கருவி, வீட்டின் ஒரு மூலை, வேறு பயனின்றிக் கழிவதாகக் கருதப்பட்ட ஓர் அரைமணி, பல ஊர்களிலிருந்து வந்து ஓரிடத்தில் குவியும் சிறு துண்டுகள், யார் எவ்வளவு தந்தார் என்று எழுதும் பேரேடு ஆகிய இவையெல்லாம் ஒருங்கே இருந்ததால், உலகின் முதல் தன்னார்வப் பரவல் உற்பத்தித் திட்டங்களில் ஒன்றாக இதைக் கொள்வதில் தவறில்லை. அதற்கு வந்த நோயும் அதே நோய்தான். அளவை நிறைவேற்றும் அவசரத்தில் முறுக்கு ஏறாத நூலும், ஓரிடம் தடித்து ஓரிடம் இளைத்த நூலும், பிறரைக் கொண்டு நூற்கவைத்த நூலும் வந்து சேர்ந்தன. சிட்டமாகச் சுற்றிக் கட்டிய நூலைக் கண்ணால் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. பாவு ஓட்டித் தறியில் ஏற்றி, நெசவாளி மிதியை அழுத்தும்போதுதான் இழை அறுந்து குட்டு வெளிப்படும். கைந்நூலை வாங்கத் தயங்கிய நெசவாளிகளின் முணுமுணுப்புக்கு அதுவே காரணம். ஆகவே நூலைச் சோதிப்பதென்பது கதர் இயக்கத்தில் தனியொரு கலையாகவே வளர்ந்தது: நீளத்தையும் எடையையும் கொண்டு நூலின் நம்பரைக் கணித்தனர், அதாவது குறிப்பிட்ட எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறது என்று பார்த்தனர், இழையை இழுத்து வலுவை அளந்தனர், சீர்மைக்குத் தனி மதிப்பெண் கொடுத்தனர்.

திண்டுக்கல் சமவெளியில் அந்தப் பேரேடு நிலையான வீடு கண்டது 1947இல். டி. எஸ். சௌந்தரமும் அவருடைய கணவர் ஜி. இராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்கு அருகே, சிறுமலையின் அடிவாரத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினர். 1956இல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் அமைந்தது, 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. கதர் நூற்பு அங்கே தொழிலாகத் தொடர்ந்தது, ஆனால் தானமாக அன்று, கூலிக்கு. இந்த மாற்றத்தைக் கொள்கை வீழ்ச்சி என்று சொல்வோர் உண்டு. சமவெளிப் பெண்களின் பொழுதைப் பற்றி முதன்முறையாக நேர்மையாகப் பேசிய மாற்றம் என்று சொல்வதே பொருத்தம். நாற்று நடவும் களையெடுப்பும் தண்ணீர்க் குடமும் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலையும் உள்ள வீட்டில் 'சும்மா கிடக்கும் அரைமணி' என்ற ஒன்று வெளியிலிருந்து பார்ப்பவரின் கண்ணுக்கே தெரியும். தாகூர் 1925இல் இராட்டை இயக்கத்தை மறுத்து எழுதியதும் வேறு வகையில் இந்த ஐயத்தைத்தான் எழுப்பியது. கணினிக்கு வரும்போதும் இந்த ஐயம் திரும்பி வரும்.

செட்டி அட் ஹோமின் அமைப்பாளர்கள் கண்ட தீர்வு நூல் சோதனையைவிட முரட்டுத்தனமானது. ஒரே துண்டை ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேருக்கு அனுப்பி, இரு விடையும் ஒத்தால் மட்டும் ஏற்பது. ஒவ்வாவிட்டால் மூன்றாமவருக்கு அனுப்புவது. பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய ஆண்டுகளில் பாரிசில் கணித அட்டவணைகளைத் தயாரித்த காஸ்பார் த ப்ரோனி, கூட்டலும் கழித்தலும் மட்டுமே தெரிந்த ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்து ஒரே கணக்கைத் தனித்தனியே போடவைத்து ஒப்பிட்ட முறையே இது. உழைப்பில் பாதி வீணாகிறது என்பது இதன் குறை. 2002இல் தொடங்கி பெர்க்கிலியில் டேவிட் ஆண்டர்சன் உருவாக்கிய பாயின்க் என்னும் பொதுத்தளம், அதாவது எந்த ஆய்வுக் குழுவும் தன் கணக்கை ஏற்றி அனுப்பக்கூடிய மென்பொருள், இந்த வீணைக் குறைக்க வழி கண்டது: தொடர்ந்து சரியான விடை அனுப்பிவரும் கணினியை நம்பி, அதன் விடைகளை எப்போதாவது மட்டும் இரட்டித்துச் சோதிக்கும். பழகிய கைக்குச் சோதனை குறைவு என்பது சின்னாளபட்டித் தறிக்காரரும் கைக்கொள்ளும் நெறிதான். தந்த உழைப்பை அளக்க பாயின்க் வைத்த அலகு, செட்டி குழுவில் நிரல் எழுதிய ஜெஃப் காப் என்பவரின் பெயரை ஒட்டி 'காபிள்ஸ்டோன்' எனப்பட்டது. அந்தக் கல்லைக் கொண்டு எதையும் வாங்க முடியாது, பேரேட்டில் எண் உயரும், அவ்வளவே.

இவ்வளவும் மேசைக் கணினிகளின் காலத்துக் கதை. திண்டுக்கல் சமவெளியின் வீடுகளுக்குள் கணினி பெருமளவில் நுழைந்தது 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பிறகே. நுழைந்த மறு ஆண்டே, சென்னைக்கு வெளியே நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத நிலை வந்தது. இடையில் மின்சாரம் போனால் அதுவரை போட்ட கணக்கு பாழாகாமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை பாதிக் கணக்கை வட்டில் எழுதிவைத்து, மின்சாரம் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும் ஏற்பாடு தன்னார்வக் கணிமை நிரல்களில் முன்பே உண்டு. மேலை நாட்டு வீட்டுக்காரர் கணினியை நினைத்தபோது அணைப்பதற்காக வைத்த அந்த ஏற்பாடு, மின்வெட்டு நாட்டுக்கென்றே செய்ததுபோல் இருந்தது. ஆயினும் இந்தியாவில் அக்காலத்தில் அரசு முன்னெடுத்த கருடா என்ற கணிமை வலை, சி-டாக் நிறுவனத்தின் வழியே ஆய்வுக்கூடங்களையும் கல்வி நிறுவனங்களையும் இணைத்ததே தவிர, வீடுகளை நாடவில்லை.

மலிவுக் கருவிகள் இக்கதைக்குள் வந்தது இரண்டு வாசல் வழியாக. 2012 பிப்ரவரி 29 அன்று பிரிட்டனில் விற்பனைக்கு வந்த ராஸ்பெரி பை, ஒரே பலகையில் செயலி, நினைவகம், இணைப்பு முனைகள் எல்லாம் பதித்த கணினி. சீட்டுக்கட்டு அளவு, விலை 35 டாலர். 2013 ஜூலையில் ஆண்ட்ராய்டு அலைபேசிகளுக்கான பாயின்க் வெளிவந்தது. இரண்டுக்கும் பொது, குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஆர்ம் வகைச் செயலி. மறு ஆண்டிலேயே எச்டிசி தன் அலைபேசிகளுக்கும், சாம்சங் வியன்னா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அலாரம் வைத்துவிட்டு உறங்குபவரின் அலைபேசிக்கும் இத்தகைய செயலிகளை வெளியிட்டன. 2015இல் வோடபோன் அறக்கட்டளை ஆஸ்திரேலியாவில் புற்றுநோய் ஆய்வுக்காக ட்ரீம்லேப் என்பதைத் தொடங்கியது.

இவை ஏன் சமவெளிக்குப் பொருந்தக்கூடும் என்பதை மின்கட்டணச் சீட்டை வைத்தே காணலாம். 100 வாட் இழுக்கும் மேசைக் கணினி இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 2.4 யூனிட், தமிழ்நாட்டில் மின்கணக்கு எடுக்கும் இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை என்ற சலுகையை அது ஒன்றே தின்று தீர்த்துவிட்டு மேலும் கேட்கும். 5 வாட் இழுக்கும் ராஸ்பெரி பையோ பழைய அலைபேசியோ அதே இரண்டு மாதத்தில் இழுப்பது 7.2 யூனிட். ஒரு மின்விசிறி இரவில் மட்டும் ஓடினாலே அதற்கு மேல் ஆகும். வேகத்தில் இவை மேசைக் கணினிக்கு வெகுதூரம் பின்தங்கியவை என்பது உண்மை. ஆயினும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கணக்கு நடக்கிறது என்று பார்த்தால் தூரம் குறைகிறது. எல்லாக் கணக்கும் இவற்றுக்கு ஒத்துவரவும் இல்லை. புரதத்தின் மடிப்பை ஆராயும் ரோசெட்டா அட் ஹோம் 2020இல் கொரோனா ஆய்வுக்காக இக்கருவிகளுக்குக் கதவைத் திறந்தபோது, ஒரு கிகாபைட் நினைவகமுள்ள பழைய பலகைகள் அதன் துண்டுகளைத் தாங்க முடியாமல் வெளியே நின்றன. துடிப்பு விண்மீன்களைத் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோமின் துண்டுகள் சிறியவை. அவற்றை எளிய கருவியும் மெல்ல மெல்ல முடித்துவிடும்.

விலைச் சீட்டில் வராத செலவு ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு பாயின்க், கேட்காமலே சில கட்டுப்பாடுகளோடு வருகிறது: அலைபேசி சார்ஜரில் செருகியிருக்க வேண்டும், மின்கலம் 90 விழுக்காடு நிறைந்திருக்க வேண்டும், வைஃபை இருந்தால்தான் துண்டு இறங்கும், மின்கலத்தின் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டினால் கணக்கு நின்றுவிடும். ஐரோப்பிய வீட்டு மேசையில் இந்தக் கடைசி வரம்பு எட்டாத உயரம். திண்டுக்கல்லில் சித்திரை, வைகாசிப் பகலில் நிழல் வெப்பமே 38ஐத் தொட்டுவிடும். பாறைக்கோட்டை பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விடும் நகரத்தில், கல்நார்க் கூரையின் கீழ் அலமாரிமேல் வைத்த அலைபேசி கணக்கைத் தொடங்கிய சில நிமிடங்களில் 40ஐக் கடந்து நின்றுவிடும், ஆறும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். முழுச் சார்ஜிலேயே சூட்டில் கிடக்கும் லித்தியம் மின்கலம் நாளடைவில் உப்பிப் பின்மூடியைத் தள்ளும் என்பதைப் பழுதுபார்க்கும் கடைக்காரர் எவரும் சொல்வார். ஆக, சும்மா கிடப்பதாகக் கருதப்பட்ட அலைபேசியும், சமவெளிப் பெண்ணின் அரைமணியைப் போலவே, உண்மையில் சும்மா கிடக்கவில்லை: தன் ஆயுளைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. சான்டியாகோவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கட்டுரையில் கைவிடப்பட்ட பிக்சல் அலைபேசிகள் பத்தைக் கோத்து ஒரு சிறு கணினித் தொகுதியாக இயக்கிக் காட்டினர். புதிய கருவியைச் செய்வதில் வெளியாகும் கரிமத்தைக் கணக்கில் கொண்டால் பழையதை ஓட்டுவதே மேல் என்பது அவர்களது வாதம். திண்டுக்கல்லில் அதே வாதம் நிற்பதற்கு மின்கலத்தைக் கழற்றிவிட்டு நேரடி மின்சாரம் கொடுப்பதோ, ஒரு சிறு விசிறியை வைப்பதோ வேண்டும். விசிறி வைத்தால் மேலே சொன்ன 7.2 யூனிட் கணக்கைத் திருத்தி எழுத வேண்டும்.

செட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31 அன்று துண்டு அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பர் 1 அன்று அரெசிபோ தொலைநோக்கியின் மேடை அறுந்து தட்டின்மேல் விழுந்தது. பிற திட்டங்கள் தொடர்கின்றன. அவற்றின் துண்டு ஒவ்வொன்றும் ஒரு கெடுவோடு வருகிறது, ஐன்ஸ்டைன் அட் ஹோமில் வழக்கமாகப் பதினான்கு நாள். சித்திரை வெயிலில் நின்று நின்று ஓடிய அலைபேசி அந்தக் கெடுவுக்குள் முடிக்காவிட்டால், ஏன் என்று எவரும் கேட்பதில்லை, 1858ஆம் ஆண்டுச் சட்டத்தைப்போல் எவரும் பணம் வசூலிக்க வருவதுமில்லை. திட்டத்தின் வழங்கிக் கணினி அதே துண்டை எடுத்து வேறொரு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.